செங்கீரைக்கு எத்தனை மாதம்?

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். முழுக்கணக்கு 40. அதனால் விம்கோ நகர் வீட்டில் அவளுக்கு இரண்டு கணக்கு: பிறந்த தேதிப்படி ஐந்து மாதம், டாக்டர் சொல்லும் திருத்திய வயதுப்படி மூன்று. வந்தவர்கள் எல்லாம், "அஞ்சு மாசமாச்சு, இன்னும் குப்புற விழலியா?" என்றார்கள். நான் எக்செல்லில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் படித்தேன். 17ஆம் நூற்றாண்டு நூல். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். பாட்டியல் நூல்கள் அவற்றுக்கு மாதம் குறிக்கின்றன: செங்கீரை ஐந்தில், சப்பாணி ஒன்பதில். எரிச்சல் வந்தது. இதுவும் ஒரு வளர்ச்சி அட்டவணைதானே? போதாததற்குப் பாட்டுடைத் தலைவி தெய்வம். எந்தப் பருவத்துக்கும் லேட்டாக வரமாட்டாள். தாமதமாகும் பிள்ளைக்கு இங்கே இடமில்லை. அது இந்த வகைமையின் குறை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் பாட்டியலை மூடிவிட்டுப் பாட்டுக்குள் போனால் கணக்கு மாறுகிறது. பருவத்தை அடையாளப்படுத்துவது மாதமல்ல, செயல். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஒரே வேண்டுகோளைக் கவிஞர் திரும்பத் திரும்ப வைக்கிறார். முதல் பாட்டிலேயே குழந்தை ஆடிவிட்டால் மீதி ஒன்பது எதற்கு? பிள்ளைத்தமிழின் உயிர் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

அம்மா பிள்ளைத்தமிழ் படித்ததில்லை. தினமும் பாயில் குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையை ஆட்டி, "தலையத் தூக்குடி கண்ணு" என்பார். எத்தனையாவது தடவை என்று எண்ணமாட்டார்.

முதல் பிறந்தநாளைப் பிறந்த தேதியில்தான் கொண்டாடப்போகிறோம். எக்செல் ஷீட்டை அழித்துவிட்டேன்.