இறைச்சிக் கோலும் இறையச்சமும்

இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கிக் கோலில் கோத்து, கரி நெருப்பில் சுட்டுத் தரும் சீனத்து எளிய உணவுக்கடைகளைப் பற்றி நம்மவரிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. பொருளீட்டக் கடல் கடந்த கடையநல்லூர், மேலப்பாளையம் இளைஞர்கள் அவற்றை வியந்து பேசுகின்றனர். ஊரிலிருக்கும் பெரியவர்களோ, "அது அந்நியர் உணவு, நமக்கு ஆகாது" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரண்டையும் நடுநிலையில் நின்று ஆராய்வது நம் கடன்.

முதலில் அந்நியம் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இறைச்சியைக் கோலில் கோத்துச் சுடுவது எந்த ஒரு நாட்டாருக்கும் தனியுரிமை அன்று. அரபு மொழி அக்கோலை ‘ஸஃப்பூத்’ என்கிறது. நம் பழந்தமிழ் ‘காழ்’ என்றது. கரிகாற் சோழன் தன்னை நாடி வந்த பொருநர்க்குக் காழில் சுட்ட கொழுவிய ஊனை அளித்து உபசரித்த செய்தியைப் பொருநராற்றுப்படை கூறுகிறது. சீனத்திலும் ஆட்டிறைச்சிக் கோலை நகர் நகராகப் பரப்பியவர்கள், வடமேற்கே ஷின்ஜியாங் பகுதியைச் சேர்ந்த உய்குர் முஸ்லிம்களே. 1980களில் அவர்கள் பெருநகர்த் தெருவோரங்களில் அதனைச் சுட்டு விற்றனர். 1986ஆம் ஆண்டுச் சீனத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியில் அது ஒரு நகைச்சுவை நாடகத்துக்கே கருவாயிற்று. 2023இல் ஷான்டோங் மாநிலத்து ஸிபோ நகரம், மேசைமேல் சிறு கரியடுப்பு வைத்து, சுட்ட இறைச்சியை வெங்காயத்தாளுடன் மெல்லிய ரொட்டியில் சுருட்டி உண்ணும் தன் முறையால் அந்நாடெங்கும் பெயர் பெற்றது.

அதன் சுவைக்கு உயிர் தருவது எது? சீரகம். பாரசீகத்தில் ‘ஸீரா’, உய்குர் மொழியில் ‘ஸிரே’, சீனத்தில் ‘ஸிரான்’. இவை யாவும் ஒரு குடும்பத்துச் சொற்கள். மிளகாயோ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியே வந்து அவர்க்கும் நமக்கும் ஒருங்கே விருந்தாளியானது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே அவர் அடுப்பிலும் இருக்க, எதனை அந்நியம் என்று தள்ளுவது?

ஆயினும் பெரியவர்களின் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. சீன முஸ்லிம்கள் தம் கடைப்பலகையில் ‘சிங்ஜென்’ என்னும் இரண்டு எழுத்துகளைப் பொறிக்கின்றனர். தூய்மை, உண்மை என்பது அவற்றின் பொருள். அவ்வெழுத்து இல்லாத கடையில் ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் ஒரே அடுப்பில் வேகக்கூடும். ஆகவே விசாரித்து உண்பதே முறை. சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருவது இவ்விசாரணையை எளிதாக்குகிறது.

இனி, உணவை விமர்சிக்கவே நமக்கு உரிமை உண்டா என்னும் வினா எழலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு. அதே நபியவர்கள்தாம் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, வணிகரைக் கண்டித்தார்கள். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் உண்மை விளங்கும். உணவைப் பழித்தல் ஆகாது. உணவில் மறைக்கப்படும் வஞ்சகத்தை எடுத்துரைத்தல் கடமை.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நெல்லை, பாளைத் தெருக்களை நோக்குக. ‘சைனீஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளிலும் கபாப் கடைகளிலும் கண்ணைப் பறிக்கும் செந்நிறம் எங்கிருந்து வந்தது? நல்ல இறைச்சிக்கு உப்பும் சீரகமும் மிளகாயும் கரியின் அனலும் போதும். பழைய இறைச்சிக்கே முகப்பூச்சு வேண்டும். 2024 ஜூனில் கர்நாடக அரசு கோழி, மீன் கபாபுகளில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. ‘ஹலால்’ என்று பலகையில் எழுதிவிட்டு உள்ளே சாயம் பூசும் கடைக்காரர், அறுத்த முறையில் தூய்மை பேணி, விற்கும் முறையில் அதனை இழக்கிறார். ஹலாலுடன் ‘தய்யிப்’, அதாவது நல்லது, என்னும் நிபந்தனையையும் திருமறை சேர்த்தே சொல்வதை அவர் மறந்தார்.

உண்பவருக்கும் ஒரு சோதனை உண்டு. கோலில் கோத்ததைக் காரச்சாற்றில் வேகவைத்துத் தரும் செங்டு நகரச் சிறு கடைகளில், உண்டு முடித்தபின் எஞ்சிய வெறுங்கோல்களை எண்ணியே விலை கேட்பர். இரண்டு கோலை மேசைக்கடியில் நழுவவிட்டால் யார் அறிவார்? கடைக்காரர் நிறத்தால் ஏமாற்றாமலும், உண்பவர் கோலை ஒளிக்காமலும் இருக்கும்போதுதான் அவ்வணிகம் நிலைக்கிறது. ஒரு துண்டு மூங்கிலில் இருவரது அமானிதமும் கோக்கப்பட்டிருக்கிறது.

ஆதலின் பிள்ளைகள் அத்தகைய கடைக்குச் செல்ல விரும்பினால் தடுக்க வேண்டுவதில்லை. எது இறைச்சி, யார் அறுத்தார், என்ன கலந்தார் என்று கேட்கவும், எழும்போது கோல்களைச் சரியாக எண்ணிக் கொடுக்கவும் கற்பித்து அனுப்புங்கள்.