டாப் கியரில் ஒரு மேடு

புல்லட்காரரிடம் மைலேஜ் கேட்டால் மழுப்புவார். “எப்படி இழுக்கும்?” என்று கேளுங்கள், டீ ஆறிப்போகும். அந்த இழுவைதான் டார்க். பவர் வேறு கணக்கு. கிணற்றில் எவ்வளவு பெரிய வாளியை இழுக்க முடிகிறது என்பது டார்க். நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தொட்டிக்கு வந்தது என்பது பவர். சின்ன வாளிக்காரன் வேகமாக இறைத்தும் தொட்டியை நிரப்பலாம். 98 சிசி ஆர்எக்ஸ்100 பைக் அந்த ஜாதி: டார்க் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான், ஆனால் 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன்.

சென்னையில் 1955 முதல் புல்லட்டை உருவாக்கும் ராயல் என்ஃபீல்டின் இரண்டு 350 எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். 2010-களில் ஓடியது, வார்ப்பிரும்பு காலத்து அளவை விடவில்லை: சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அடுத்து வந்த ஜே எஞ்சினில் அது 72-க்கு 85.8. டார்க் 28-லிருந்து 27 ஆனது. இரண்டுக்கும் உச்சம் 4,000 ஆர்பிஎம்மில்தான். பவர் 19.8-லிருந்து 20.2. காகிதத்தில் பார்த்தால், பழையதா புதியதா என்று ரசிகர்கள் போடும் சண்டை இதற்கா என்று தோன்றும்.

உச்ச பவர் எங்கே வருகிறது என்று பாருங்கள். பழையதில் 5,250, புதியதில் 6,100. அந்த 6,100-இல் புதிய எஞ்சினின் டார்க் 24-க்கும் கீழே இறங்கியிருக்கும். இருந்தும் பவர் ஏறுகிறது, சுழற்சி கூடிவிட்டதால். வாளி சிறுத்தது, கை வேகமானது.

இனி வண்டியில் ஏறுங்கள். ஆளில்லாத லேசான மேடு, டாப் கியர், 50 கிலோமீட்டர் வேகம். கியரைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகுங்கள். வெடுக்கென்று முறுக்கினால் எதுவும் காதில் விழாது. பழையது ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிக் காட்டிக்கொண்டு ஏறும். கனமான ஃப்ளைவீல் வேகத்தைச் சட்டென்று விடாது. கடகடவென்று உள்ளே தட்டினால் மட்டும் ரசித்துக்கொண்டிருக்காதீர்கள், ஒரு கியர் குறையுங்கள். அது எஞ்சினின் கெஞ்சல்.

அடுத்து மூன்றாவது கியரில் முழுசாக முறுக்குங்கள். பழைய வண்டி ஒரு கட்டத்தில் ஃபுட்ரெஸ்ட் வழியாகவே “கியரை மாத்து” என்று சொல்லிவிடும். புதியதில் பேலன்சர் ஷாஃப்ட் அதிர்வை விழுங்கிவிடுவதால் அந்தத் தகவல் வராது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர்கூடத் தெளிவாகத் தெரியும். சிலர் இதை உயிரில்லாத வண்டி என்கிறார்கள். அது அநியாயம். திருச்சிவரை போகச் சொன்னால் நான் புதியதன் சாவியைத்தான் எடுப்பேன். ஞாயிறு காலை, அவசரமில்லை என்றால் பழையது. டீக்கடையில் நிறுத்தி கிளாஸைக் கையில் வாங்கும்போதும் உள்ளங்கை நமநமத்துக்கொண்டே இருக்கும்.