சான்றிதழைப் படிப்பது வேறு, நம்புவது வேறு

இணையதளம் ஒன்றின் பாதுகாப்புச் சான்றிதழ்க் கோப்பைத் திறந்தால் கண்ணில் படுவது பொருள் விளங்காத எழுத்துக் குவியல்தான். தலைப்பு வரியைத் தாண்டியதும் பெரும்பாலும் ‘எம்ஐஐ’ என்று தொடங்கும். யாருக்கு வழங்கப்பட்டது, யார் வழங்கினார், எந்தத் தேதிவரை செல்லும், பொதுச்சாவி எது என்ற விவரமெல்லாம் அதற்குள்ளேதான், 1988-இல் முதலில் வெளியான எக்ஸ்.509 தரத்தின்படி, அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பிரித்துக் காட்ட சர்வர் நிர்வாகிகள் பலரும் நாடுவது ஓபன்எஸ்எஸ்எல் கருவியை. இணைய இணைப்பு தேவையில்லை; ஒரே கட்டளையில் எல்லாம் திரைக்கு வந்துவிடும். இந்த ஆஃப்லைன் வாசிப்பு, சான்றிதழ்களைக் கையாளும் எவரும் பழகவேண்டிய வழக்கம். ஆனால் அதன் பலம் எங்கே பிறக்கிறதோ அங்கேயேதான் குறையும் பிறக்கிறது: கோப்பில் எழுதியிருப்பதைத் தவிர அந்தக் கருவிக்கு வேறெதுவும் தெரியாது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். சான்றிதழை ஒட்டினால் பிரித்துக் காட்டும் இணையதளங்கள் பல உண்டு. சான்றிதழ் என்பதே ஊரறிய இருப்பதுதானே, ஒட்டினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பொது இணையதளங்களின் சான்றிதழ்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. அலுவலகத்தின் உள் வலையமைப்புக்கான சான்றிதழோ வெளியாருக்குத் தெரியக்கூடாத சர்வர் பெயர்களைச் சுமந்திருக்கும். இந்தியாவில் தனிநபர்களுக்கு வழங்கப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழில் பெயரோடு மாநிலமும் பின்கோடும் இருக்கும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, ஒரே கோப்பில் சான்றிதழும் ரகசியமாக வைத்திருக்கவேண்டிய தனிச்சாவியும் சேர்ந்திருப்பது; கவனக்குறைவாக முழுவதையும் ஒட்டிவிட்டால் அந்தச் சாவியை அப்போதே கைவிட வேண்டியதுதான். சொந்தக் கணினியிலேயே படிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. இணையத்தோடு இணைக்கவே கூடாத கணினியிலும் வேலை நடக்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளின் காலாவதித் தேதிகளை ஒரு சிறு ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லிவிடும்.

இனி குறை. ‘வழங்கியவர்’ என்று திரையில் வரும் பெயர், கோப்பு சொல்லிக்கொள்ளும் பெயர் மட்டுமே. புகழ்பெற்ற எந்த நிறுவனத்தின் பெயரையும் போட்டு யாரும் ஒரு சான்றிதழைத் தயாரித்துவிடலாம். பிரித்துக் காட்டும் கட்டளை கையொப்பத்தைச் சோதிக்காமல் அதையும் அதே ஒழுங்கோடு காட்டும். கையொப்பம் உண்மையாக இருந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. 2011-இல் சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் சான்றிதழ் பெற்று ஈரானியப் பயனர்களை ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தினார்கள். 2014-இல் இந்தியாவின் தேசிய தகவலியல் மையம் வழியாகவும் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகி, பிறகு ரத்தாயின. அவற்றை ஆஃப்லைனில் பிரித்துப் பார்த்திருந்தால் பெயர், தேதி, கையொப்பம் எல்லாம் முறையாகவே தெரிந்திருக்கும். நிலப் பத்திரமும் இப்படித்தான்: எவ்வளவு கூர்ந்து படித்தாலும் வில்லங்கம் தெரியாது. அதற்கு வில்லங்கச் சான்று தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம்பத்தக்க மூலச் சான்றிதழ்களையும் ரத்துப் பட்டியலையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் ஆஃப்லைனிலேயே சரிபார்க்கலாமே என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஓபன்எஸ்எஸ்எல்லில் அதற்கும் வழி இருக்கிறது. 2025-இல் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, சான்றிதழின் நிலையை ஒவ்வொன்றாக நேரலையில் கேட்டறியும் சேவையை நிறுத்திவிட்டு ரத்துப் பட்டியலையே நம்பியிருப்பதும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் பட்டியல் இறக்கிய நாளுக்குப் பிறகு நடந்தது அதில் இருக்காது. சான்றிதழின் ஆயுளே குறைந்துவருகிறதே என்பது அடுத்த வாதம். 2029 மார்ச் முதல், உலாவிகள் ஏற்கும் பொதுச் சான்றிதழ்களின் உச்சபட்ச ஆயுள் 47 நாள்தான் என்று முடிவாகியிருக்கிறது. ஒட்டுக்கேட்க நினைப்பவருக்கு 47 நாள் தாராளம்.

பிரித்துப் படிப்பதிலும் பிழை நேரும் என்பதை மறக்கலாகாது. 2009-இல், சான்றிதழில் உள்ள பெயரின் நடுவே ஒரு பூஜ்ய பைட்டைச் செருகினால் பல மென்பொருள்கள் அதோடு பெயர் முடிந்துவிட்டதாக எண்ணி ஏமாறுகின்றன என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். திட்டமிட்டுச் சிதைத்த சான்றிதழ் ஒன்றைப் படிக்கத் தொடங்கினாலே ஓபன்எஸ்எஸ்எல் முடிவில்லாச் சுழலில் சிக்கும் பிழை 2022 மார்ச்சில் வெளியானது. கையொப்பத்தைச் சோதிக்கும் முன்பே அது நிகழ்ந்துவிடும். ஆகவே, இணைப்பு இல்லாத கணினி என்பதற்காகக் கருவியைப் புதுப்பிக்காமல் விடுவது தவறு. சந்தேகம் எழுந்தால், அழகாக அடுக்கிய விவரத்தோடு நிற்காமல், அடியில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் கட்டளையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கருவி செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘கையொப்பம் சோதிக்கப்படவில்லை, ரத்து நிலை பார்க்கப்படவில்லை’ என்ற வரியை ஒவ்வொரு முடிவின் தலையிலும் அச்சிடுங்கள். பயன்படுத்துபவர்களுக்கு: சான்றிதழை உங்கள் கணினியிலேயே படியுங்கள், தனிச்சாவியை எந்த இணையதளத்திலும் ஒட்டாதீர்கள், நம்பலாமா என்ற முடிவை மட்டும், கையொப்பச் சங்கிலியையும் புதிய ரத்துப் பட்டியலையும் பார்த்த பிறகே எடுங்கள்.