முகமூடியும் முறைமையும்: 'வாச்மென்' தொடரின் முதலங்கம்

ஒரு நூலின் போக்கை அதன் பாயிரம் உணர்த்துதல் போல, ஒரு தொடர்கதையின் நோக்கத்தை அதன் முதலங்கம் உணர்த்துதல் வேண்டும். அதிமானுட வீரரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் இக்கடனைப் பெரும்பாலும் எளிதாகவே தீர்த்துவிடுகின்றன. வீரன் பிறந்த வரலாறு, அவனுக்கு ஆற்றல் வாய்த்த விதம், அவன் முகத்தை மறைத்துக்கொண்ட காரணம், அவன் வென்ற முதற் பகைவன் ஆகிய நான்கையும் அடுக்கிவிட்டால் முதலங்கம் முடிந்துவிடும். முகமூடி அணிந்தவன் நல்லவன் என்பதை அத்தொடர்கள் மெய்ப்பிக்க முயல்வதில்லை. அதனை ஒப்புக்கொண்ட பின்னரே கதையைத் தொடங்குகின்றன. அவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டதனையே வினாவாக்கிய முதலங்கம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பப்பட்ட 'வாச்மென்' தொடரின் முதலங்கமே அதுவாகும்.

காவலர் என்னும் பொருளுடைய இப்பெயர், அலன் மூர் எழுத டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986, 1987ஆம் ஆண்டுகளிற் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த சித்திரக்கதைக்கு உரியது. அக்கதையின் பிற்கால நிகழ்ச்சிகளாகக் கற்பனை செய்து, ஒன்பது அங்கங்கள் கொண்ட இத்தொடரை ஆக்கியவர் டேமன் லிண்டலோவ். முதலங்கத்தை நெறிப்படுத்தியவர் நிக்கோல் கசெல். மூலக்கதையின் மாந்தரைக் கொண்டுவந்து நிறுத்தாது, வரலாற்றில் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு கொடுமையோடு அங்கம் தொடங்குகின்றது.

ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரின் கிரீன்வூட் பகுதியிலே கறுப்பின மக்கள் தம் முயற்சியாற் கடைகளும் விடுதிகளும் தேவாலயங்களும் அமைத்துச் சிறப்புற வாழ்ந்தனர். 1921ஆம் ஆண்டு மே 31ஆம் திகதியும் யூன் 1ஆம் திகதியும் வெள்ளையர் கூட்டம் அப்பகுதியுட் புகுந்து, சுட்டும் எரித்தும் ஏறத்தாழ முப்பத்தைந்து தெருத்தொகுதிகளை அழித்தது. இறந்தோர் தொகை முந்நூறுவரை இருக்கலாம் என மதிப்பிடுவோர் உளர். பாடநூல்களோ பல்லாண்டுகளாக இதனைப் பேசாது விட்டன.

அந்நாளிலே படமாளிகை ஒன்றிற் சிறுவன் ஒருவன் தனியே அமர்ந்து ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அவன் தாய் படத்துக்குப் பியானோ வாசிக்கின்றாள். திரையிலே கரிய ஆடையால் முகத்தை மறைத்த குதிரைவீரன் ஒருவன், வெள்ளையின அதிகாரி ஒருவனைத் துரத்திக் கயிறு வீசிப் பிடிக்கின்றான். பிடிபட்ட அதிகாரியே கள்வன். பிடித்தவன் பாஸ் ரீவ்ஸ் என்னும் கறுப்பினச் சட்டக்காவலன். ஊரார் கள்வனைத் தூக்கிலிட வேண்டும் என்று ஆர்ப்பரிக்க, வீரன் அவர்களைத் தடுத்துச் சட்டத்தை நம்புமாறு கூறுகின்றான். சிறுவன் அச்சொற்களை மனப்பாடமாகத் தானும் உடன் கூறுகின்றான். பாஸ் ரீவ்ஸ் கற்பனை மாந்தரல்லர். 1838இல் அடிமையாய்ப் பிறந்து, பின்னர்ச் சட்டக்காவலராய்ப் பல்லாண்டு பணியாற்றி, 1910இல் இறந்தவர். அவரைப் பற்றிய அவ்வூமைப்படமே கற்பனை. சிறுவன் கூறிய சொல் அடங்குமுன் வெளியே வெடியோசை கேட்கின்றது. சட்டத்தை நம்புக என்றதற்கு அவன் பிறந்த நாடு அளித்த மறுமொழி அவ்வோசையேயாம்.

பெற்றோர் அவனை எரியும் தெருவழியே இழுத்துச் சென்று, பிறர் செலுத்தும் மோட்டார் வண்டியிற் பேழை ஒன்றுள் ஏற்றி அனுப்புகின்றனர். இச்சிறுவனைக் காத்துக்கொள்க என்னும் பொருள்பட எழுதிய தாள் ஒன்றைத் தந்தை அவனிடம் கொடுக்கின்றான். பேழையில் இட்டு ஆற்றில் விடப்பட்ட கன்னன் கதையை அறிந்தோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. 1938இல் ஜெரி சீகலும் ஜோ சஸ்ரரும் படைத்த 'சுப்பர்மான்' கதையிலும், அழியும் உலகிலிருந்து பெற்றோர் தம் மகவை விண்கலத்தில் ஏற்றி அனுப்புகின்றனர். ஆயின் வேறுபாடு பெரிது. அங்கே அழிவு கோளத்தின் வெடிப்பால் வந்தது. இங்கே அயலவர் கையால் வந்தது. அங்கே குழந்தைக்கு அளவிறந்த ஆற்றல் கிட்டியது. இங்கே சிறுவனுக்குக் கிட்டியது ஒரு துண்டுத் தாளே. தொடரின் பெயரிலுள்ள காவல் என்னும் சொல்லே அத்தாளிலும் இருத்தல் நோக்கத்தக்கது. காவலர் யார் என்னும் வினா, காக்கப்படவேண்டியவர் யார் என்னும் வினாவாக இங்கே மாறிவிடுகின்றது.

அடுத்துக் காட்சி 2019ஆம் ஆண்டின் துல்சாவுக்குத் தாவுகின்றது. இது கற்பனைத் துல்சா. வெள்ளையின வெறியர் பொலிசாரின் வீடுகளுட் புகுந்து அவர்களைத் தாக்கியமையால், பொலிசார் முகத்தை மறைத்துப் பணிபுரியச் சட்டமே இடமளித்துள்ளது. வெறியரும் முகமூடி அணிந்தோரே. இருள்சூழ்ந்த வீதியிலே மஞ்சள் முகமூடி அணிந்த பொலிசான் ஒருவன் வண்டியொன்றைத் தடுத்து நிறுத்துகின்றான். தன் துப்பாக்கியைத் திறப்பதற்கே நிலையத்தின் அனுமதியை வேண்டி அவன் காத்திருக்க, எதிரி முந்திக்கொண்டு சுடுகின்றான். முறைமைக்குக் கட்டுப்பட்டவன் வீழ்கின்றான், கட்டுப்படாதவன் தப்புகின்றான். முறைமை ஏன் தளர்கின்றது என்பதைக் காண்போர் நெஞ்சு கொள்ளுமாறு உணர்த்தும் காட்சி இது.

அங்கத்தின் சிறப்பும் குறையும் ஒருங்கே விளங்கும் இடம் இதன் பின்னர் வருகின்றது. ரெஜினா கிங் நடிக்கும் ஏஞ்சலா என்னும் கறுப்பினப் பெண்பொலிஸ், கரிய உடையும் முகமூடியும் அணிந்து, ஐயத்துக்குரியவன் ஒருவனை வண்டியின் பொருட்பெட்டியில் அடைத்துக் கொண்டுவருகின்றாள். விசாரணையின் பின் மூடிய கதவுக்கு அப்பால் அவன் அடிக்கப்படுகின்றான். கதவின் கீழாக இரத்தம் கசிகின்றது. அடியைக் காட்டாது இரத்தத்தை மட்டும் காட்டியது நெறியாளரின் அடக்கமான கலைத்திறனே. எனினும் அடிபட்டவன் வெறியனாதலின், காண்போர் உள்ளம் அவ்வடிக்கு இசைந்துவிடுகின்றது. கதை அவ்விசைவைக் கண்டிக்கின்றதா, அதனால் ஆதாயம் பெறுகின்றதா என்பது இவ்விடத்தில் தெளிவாகவில்லை. அன்றியும் வானிலிருந்து பொழியும் சிறு கடலுயிர்களும், தொலைவிலுள்ள மாளிகையில் வாழும் செல்வரும் மூலக்கதையைப் படியாதோர்க்கு விளங்கா. புதிர் ஆவலைத் தூண்டலாம்; பொருளுக்கு இடையூறாதல் கூடாது.

இக்குறைகளை மறக்கச் செய்வது இறுதிக்காட்சி. டொன் ஜோன்சன் நடிக்கும் பொலிஸ் அதிபர் ஜட், ஏஞ்சலாவின் நண்பர். அவள் குடும்பத்தோடு உண்டு, பாடி மகிழ்பவர். 1943இல் மேடையேறிய 'ஒக்லகோமா' என்னும் இசைநாடகத்தை அவர் அங்கத்தின் முற்பகுதியிற் பார்க்கின்றார். அந்நாடகத்திலும் ஜட் என்னும் பெயருடையோன் ஒருவன் உண்டு; அவன் தூக்கிலிட்டு இறந்ததாகக் கற்பித்துப் பாடும் பாட்டிலிருந்தே இவ்வங்கத்தின் பெயர் எடுக்கப்பட்டது. அப்பாட்டை அறிந்தோர்க்கு முடிவு தலைப்பிலேயே கூறப்பட்டுவிட்டது. ஆயினும் மரத்தில் தொங்கும் அதிபரின் உடலும், அதன் கீழே சக்கர நாற்காலியில் அமைதியாய் அமர்ந்திருக்கும் கறுப்பின முதியவரும் தோன்றும்போது நெஞ்சு திடுக்குறுகின்றது. முதியவர் கையில் இருப்பது 1921இல் தந்தை எழுதிய அதே தாள்.

ஊமைப்படத்திலே வெள்ளையின அதிகாரி கயிற்றுக்குத் தப்பினான். ஏனெனிற் சட்டத்தை நம்பிய வீரன் ஒருவன் அங்கே நின்றான். தொண்ணூற்றெட்டு ஆண்டுகளின் பின் அதிகாரி தப்பவில்லை. நம்பச் சொன்ன சொல்லை உடன் கூறிய சிறுவன் முதியவனாகி மரத்தடியில் இருக்கின்றான். இடையிலே நிகழ்ந்தது யாது? அதனைக் கூறவே எஞ்சிய எட்டு அங்கங்களும் எழுந்தன எனலாம். முகத்தை மறைத்தவனிடம் கணக்குக் கேட்பார் இல்லை. கணக்குக் கேளாத நாட்டிலே பழைய கடன் தீராது, வட்டியோடு திரும்பி வரும். வீரனைப் போற்றும் கதைமரபுக்குள் நின்றுகொண்டே இவ்வுண்மையைக் கூறத் துணிந்தமையே இம்முதலங்கத்தின் பெருமையாகும்.