காலிபரும் தமிழ் எழுத்துருவும்: கட்டம் கட்டமாக வந்தால் எங்கே பார்ப்பது?

அப்பாவின் பதினெட்டுச் சிறுகதைகளை மின்னூலாக்கி, அவருடைய இ-ரீடரில் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை ஒரு வாரம் பிடித்தது. முதல்நாள் சில கதைகள் ஆங்கில எழுத்துகளாக வந்தன. மறுநாள் தமிழ் வந்தது, ஆனால் நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் ‘கு’ வரவேண்டிய இடங்களில் எல்லாம் வெற்றுக் கட்டங்கள். பார்க்க ஒரே கோளாறு போலத்தான் இருந்தது. ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

வேலைக்கு எடுத்துக்கொண்ட மென்பொருள் காலிபர். சோனியின் இ-ரீடர் லினக்ஸ் கணினியோடு ஒத்துழைக்காததால் 2006-இல் கோவித் கோயல் தனக்காக எழுதத் தொடங்கியது, இன்று மின்னூல் செய்கிறவர்கள் பலரும் முதலில் நாடும் கருவியாகிவிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. வேர்டு கோப்பை டாக்எக்ஸ் வடிவில் சேமித்துக் கொடுத்தால் ஈபப் ஆக்கித் தரும்.

முதல்நாள் சிக்கலுக்கும் காலிபருக்கும் சம்பந்தமே இல்லை. பாதிக் கதைகள் பல வருடங்களுக்கு முன் பாமினியில் அடிக்கப்பட்டவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழே இருக்காது. நாம் ‘தமிழ்’ என்று படிக்கும் இடத்தில் உள்ளே கிடப்பவை ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவற்றுக்குத் தமிழ் முகம் தருவது எழுத்துரு மட்டும்தான். அப்படியானால் அந்த எழுத்துருவையே மின்னூலுக்குள் பொதிந்துவிட்டால் போதாதா என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படிப்பவர் எழுத்துருவை ஒருமுறை மாற்றினால் போதும், கதை முழுக்க ஜே, கே, பி ஆகிவிடும். தேடல் வேலை செய்யாது, அகராதி வேலை செய்யாது, கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் வசதியும் பயன்படாது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றுங்கள், பிறகு ஒரு வரி விடாமல் மெய்ப்புப் பாருங்கள். கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ அடித்திருந்தால், ‘கொடி’ என்பது ‘கெரடி’ என்று நிற்கும். எந்த மாற்றியும் அதைத் தானாகத் திருத்தித் தராது.

இரண்டாவது நாள் சிக்கலில்தான் காலிபரின் அமைப்புகளுக்குள் போக வேண்டியிருந்தது. மாற்றும் சாளரத்தில் ‘லுக் அண்ட் ஃபீல்’ என்ற பகுதி, அதற்குள் எழுத்துருக்களுக்கான இடம். ‘எம்பெட் ஆல் ஃபாண்ட்ஸ் இன் டாக்குமெண்ட்’ என்ற பெட்டி அங்கே டிக் இல்லாமல்தான் கிடக்கும், நாம்தான் போட வேண்டும். அதைப் போட்டாலும், ஆவணம் கேட்கும் எழுத்துரு நம் கணினியில் நிறுவப்பட்டிருந்தால்தான் காலிபரால் எடுத்துப் பொதிய முடியும். நான் தேர்ந்தெடுத்தது நோட்டோ செரிஃப் தமிழ். திறந்த உரிமத்தில் கிடைப்பதால் நூலோடு சேர்த்துப் பகிரத் தடையில்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கும்போது ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் தனித்தனியாக இருக்கும் ரெகுலர், போல்டு கோப்புகளை நிறுவுங்கள். எல்லாத் தடிமனையும் ஒரே கோப்பில் அடக்கிய வேரியபிள் வகையைப் பல இ-ரீடர்களால் சரியாகக் கையாள முடிவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சில பத்திகளில் எழுத்துரு மாறவில்லை. காரணம் வேர்டு கோப்பிலேயே இருந்தது. வேர்டு ஒரே பத்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருப் பெயர்களைக் குறித்து வைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற பெயரில் தமிழ் போன்ற மொழிகளுக்கு ஒன்று. நான் மாற்றியது முதலாவதை. இரண்டாவதில் லதா என்ற எழுத்துரு அப்படியே இருந்தது. பத்தி பத்தியாகத் திருத்தாமல் ஸ்டைலைத் திறந்து இரண்டிலும் ஒரே பெயரைக் கொடுத்தேன், தீர்ந்தது. இன்றுவரை தமிழ் மின்னூல் செய்யும் நண்பர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

கட்டங்கள் வந்த கதை இன்னும் நுட்பமானது. கோப்பின் எடையைக் குறைக்க, நூலில் வராத எழுத்துகளை எழுத்துருவிலிருந்து கத்தரித்துவிடும் வசதி உண்டு, சப்செட் என்பார்கள். ஒருங்குறியில் ‘கு’ என்ற எழுத்துக்குத் தனி எண் கிடையாது. ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ‘கு’ என்ற வடிவத்தைக் காட்டு என்ற கட்டளை எழுத்துருவுக்குள் ஓர் அட்டவணையில் இருக்கிறது. கத்தரிக்கும் கருவி எண்களை மட்டும் பார்த்து வேலை செய்தால், எண் இல்லாத ‘கு’ வடிவம் வெளியே போய்விடும். நான் இணையத்தில் எங்கோ எடுத்த, ஏற்கனவே கத்தரிக்கப்பட்ட எழுத்துருக் கோப்பு அப்படிப்பட்டது. முழுக் கோப்பை நிறுவி மறுபடி மாற்றினேன், ‘கு’ எல்லாம் திரும்ப வந்தன. தமிழ் எழுத்துரு ஒன்றும் பெரிய சுமையில்லை. படம் அதிகமில்லாத நூலில் கத்தரிக்காமல் விடுவதே நல்லது.

எங்கே பிழை என்று தெரியாதபோது மின்னூலைத் திறந்தே பார்த்துவிடலாம். ஈபப் என்பது ஒரு ஜிப் பொட்டலம்தான். காலிபரின் ‘எடிட் புக்’ வசதியில் திறந்து ‘மேனேஜ் ஃபாண்ட்ஸ்’ போனால், நூல் கேட்கும் எழுத்துருக்கள் எவை, அவற்றில் உள்ளே இருப்பவை எவை என்று பட்டியலாகக் காட்டும். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு திரை. பெயர் இருந்து, கோப்பும் இருந்து, எழுத்துரு மட்டும் வராவிட்டால், ஸ்டைல் கோப்பில் எழுதியிருக்கும் பாதையைப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடுகூட வழியை அடைத்துவிடும். சில மின்னூல்களில் எழுத்துருவின் முதல் 1040 பைட்டுகளை நூலின் அடையாள எண்ணைக் கொண்டு மறைத்திருப்பார்கள். அந்த எண்ணை நாம் மாற்றினால் எழுத்துரு திறக்காது.

கடைசி வாசல் படிக்கும் கருவி. கிண்டிலில் எழுத்துருப் பட்டியலில் ‘பப்ளிஷர் ஃபாண்ட்’ என்பதையும், ஆப்பிள் புக்ஸில் ‘ஒரிஜினல்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால்தான் நாம் பொதிந்தது தெரியும். பழைய மோபி வடிவத்தில் எழுத்துருவைப் பொதியவே முடியாது, ஏஇசட்டபிள்யூ3-இல் முடியும். எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மிகப் பழைய ரீடர்களில் எந்த எழுத்துருவைப் பொதிந்தாலும் ‘கொ’ உடைந்துதான் தெரியும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தார் ஈபப்போடு ஆறு அங்குலப் பிடிஎஃப்பையும் சேர்த்து வெளியிட்டது இத்தகைய வாசகர்களுக்குப் பெரிய உதவி.

சனிக்கிழமை இரவு நூலை ஏற்றிக் கொடுத்தேன். அப்பா எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது தலையை நிமிர்த்தாமலே, “மூணாவது கதையில ஒரு கால் இன்னும் ர-வாவே நிக்குதுப்பா, பாத்துடு” என்றார்.