பெயர்க் கல்லும் எடைக் கல்லும்

பள்ளிக் கட்டடம் ஒன்று திறக்கப்படும்போது அதன் முகப்பில் ஒரு கல் பதிக்கப்படுவது வழக்கம். திறந்துவைத்த பெருமகனார் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், பொருளுதவி செய்தோர் பெயர், திறப்பு நாள் ஆகியவை அதில் பொன்னெழுத்துகளில் விளங்கும். ஈந்தவரை நினைப்பது பண்பாடு. அதனைக் குறை கூறுவார் இலர். ஆயினும் அக்கல்லை எத்துணை முறை படித்தாலும் சில செய்திகள் கிடைப்பதில்லை. கடைக்கால் எவ்வளவு ஆழம், தூண்களில் இட்ட கம்பி எத்தகையது, கான்கிரீட்டைச் சோதித்தவர் யார், சோதனையின் முடிவு என்ன என்பவை அங்கு இல்லை. கல்லில் இல்லாதிருப்பது பொறுக்கத்தக்கது. பள்ளியின் கோப்பிலும் இல்லாதிருப்பின் அது பொறுக்கத்தக்கதன்று. உதவிப் பணத்தில் எழும் பள்ளிக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு, கிடைத்த தொகையோடும் நடந்த விழாவோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அக்கட்டடம் முறையாக ஆராயப்பட்டதா என்னும் வினா எழுவது அரிதாக உள்ளது.

தமிழர் மரபு இத்தகையதாக இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொற்கலங்களும் அணிகளும் அக்கோயிற் கல்வெட்டுகளில் எடையோடு பதிவாகியுள்ளன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய எடைக் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த அணிகளுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என வேறோர் எடைக் கல் இருந்தது. திருமேனிகளின் உயரத்தையும் முழத்தாலும் விரலாலும் அளந்தே எழுதினர். கொடுத்தவன் பேரரசன், எனினும் அவன் கொடையும் தராசில் ஏறியது. அதனால் மன்னனின் பெருமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் அக்கொடையின் அளவைக் கற்றோர் எடுத்துரைக்க முடிவது அன்று நிறுத்து எழுதியதனாலேயே அன்றோ?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுவன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. ஊர்ப் பொருளைக் கையாண்டவர் அதற்கு விடை கூறியே ஆகவேண்டும் என்பது அக்காலத்து ஊரவையின் தெளிந்த முடிபு.

இம்மரபை உடைய மக்கள் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தபோது அவர்தம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளி வேறு வகையினதாக இருந்தது. இன்று கோலாலம்பூரின் செல்வப் பகுதிகளுள் ஒன்றாக விளங்கும் பங்சார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டம். அத்தகைய தோட்டங்களுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு கடமையை விதித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பதே அது. சட்டம் பள்ளி இருக்கிறதா என்று கேட்டது. எத்தகைய பள்ளி என்று அழுத்திக் கேட்கவில்லை. ஆகவே பல தோட்டங்களில் கொட்டகையும் பிள்ளை மடுவமும் பள்ளி எனக் கணக்கில் ஏறின. கங்காணியும் கிராணியும் ஆசிரியராயினர். எண்ணிக்கை நிறைந்தது, தரம் நிறையவில்லை. எண்ணுவதை ஆராய்வதாகக் கொள்ளும் பிழை அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

அக்கொட்டகைகளின் காலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று பங்சார் சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்ப்பள்ளிகள் நகரப் பள்ளிகளாக விளங்குகின்றன. நகர நிலத்தின் அருமையால் பள்ளிகள் மாடிகளாக உயர வேண்டியுள்ளது. ஓரடுக்குக் கொட்டகையில் நேரும் பிழையும் பல அடுக்குக் கட்டடத்தில் நேரும் பிழையும் ஒன்றல்ல. மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளை அரசுப் பள்ளி என்றும் அரசு உதவிபெறும் பள்ளி என்றும் பகுத்துக் காட்டுகிறது. உதவிபெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் நிலம் ஒருவருடையது, பணம் மற்றொருவருடையது, நிருவாகம் பள்ளி வாரியத்தினுடையது, வேலை குத்தகையாளருடையது. இவற்றோடு பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டும் நிதியும் தனியார் நன்கொடையும் வந்து சேர்வதுண்டு. பலர் கூடிச் செய்வது நற்செயலே. எனினும் பலர்க்கும் உரிய பொறுப்பு ஒருவர்க்கும் உரியதன்று என்னும் நிலை அங்கே எளிதில் உண்டாகிவிடும்.

சட்டம் இல்லை என்று எவரும் கூற இயலாது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் அதன்கீழ் எழுந்த 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளும் உள்ளன. 2007ஆம் ஆண்டில் சான்று வழங்கும் முறையும் மாற்றப்பட்டது. அதுவரை ஊராட்சி மன்றங்கள் வழங்கிவந்த குடிபுகு தகுதிச் சான்றுக்கு மாற்றாக, பணிக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தம் பெயரில் நிறைவுச் சான்று வழங்கும் முறை வந்தது. அச்சான்றுக்கு அடிப்படையாக 21 படிவங்கள் உள்ளன. நிலச் சமன்பாடு, கடைக்கால், கட்டமைப்பு, மின்சாரம், தீத்தடுப்பு எனப் பணி பணியாக அவை பிரிந்து செல்லும். செய்தவரும் மேற்பார்த்தவரும் அவற்றில் கையொப்பம் இட வேண்டும். இன்ன பணிக்கு இன்னார் பொறுப்பு என்று எழுத்தில் நிறுத்தும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அப்படிவங்களின் படியைக் கேட்டுப் பெற்றுப் படித்து வைத்திருக்கும் பள்ளி வாரியங்கள் எத்தனை? திறப்பு விழா நிழற்படம் தலைமையாசிரியர் அறையில் மாட்டப்படுகிறது. கடைக்காற் சான்று எங்கே உள்ளது என்று கேட்டால் விடை கூற ஆள் இல்லை என்றால், சட்டம் இருந்தும் பயன் இல்லை.

புதிய மாடிக் கட்டடத்திற்கேனும் வரைபடமும் பொறியாளரும் உண்டு. சிற்றுண்டிச் சாலைக்கு ஒரு சாய்ப்பு, கழிப்பறைக்கு ஒரு சுவர், நடைபாதைக்கு ஒரு கூரை எனச் சிறு உதவிகளால் எழுபவை மீதே பார்வை குறைகிறது. அவ்வாறு குறைவது எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்குத் தமிழகத்து நிகழ்ச்சிகள் இரண்டு சான்றாகும். கும்பகோணத்தில் 16-7-2004 அன்று, உதவிபெறும் பள்ளி உட்பட மூன்று பள்ளிகள் இயங்கிவந்த ஒரே கட்டடத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையாயினர். தீ தோன்றிய இடம் சமையற் கொட்டகை. பரவிய வழி கீற்றுக் கூரை. திருநெல்வேலியில் 17-12-2021 அன்று உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். இரண்டிலும் கேடு தொடங்கிய இடம், விழாவில் விருந்தினர்க்குச் சுற்றிக் காட்டப்படாத இடமாகும். நெல்லை நிகழ்ச்சிக்குப் பின்னரே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆராய்ந்து, பழுதானவற்றை இடிக்குமாறு ஆணை பிறந்தது. முன்னரே செய்திருக்கத்தக்க ஆய்வுக்கு மூன்று உயிர்கள் விலையாயின.

கட்டடத்தை எப்பொழுது ஆராய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். கட்டடத்தின் உயிர்நிலை மறைவில் உள்ளது. கடைக்காலை மண் மூடுகிறது; கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது; கான்கிரீட்டைப் பூச்சு மூடுகிறது; பூச்சின் மேல் வண்ணம் ஏறுகிறது. வண்ணம் ஏறியபின் வந்து பார்ப்பவர் வண்ணத்தையே பார்க்கிறார். ஆகவே ஒவ்வொன்றும் மூடப்படுமுன் பார்க்கப்பட வேண்டும். குழி வெட்டியதும் மண்ணின் உறுதியையும், வார்ப்புக்கு முன் கம்பியின் பருமனையும் இடைவெளியையும் பார்க்க வேண்டும். வார்க்கும்போது கலவையில் மிகுதியாக நீர் சேர்க்கப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். நீர் மிகுந்தால் வேலை எளிதாகும். ஆனால் அந்நீர் வற்றியபின் உள்ளே நுண்துளைகள் எஞ்சிக் கான்கிரீட் வலிமை குன்றும். அத்துளைகளின் வழியே ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். வார்க்கும் நாளிலேயே 150 மில்லிமீட்டர் கனச்சதுரக் கட்டிகள் எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்க்கும் சோதனை இதற்கென்றே ஏற்பட்டது. மழையும் வெப்பமும் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் கூரை மரத்தைக் கரையான் அரிப்பதும், பள்ளியின் பின்புறத்து மேட்டில் வடிகால் அடைபடுவதும் தனியே ஆராயத்தக்கவை.

ஆராய்பவர் யார் என்பது அடுத்த வினா. மாணவன் எழுதிய தேர்வுத் தாளை அவனே திருத்தி மதிப்பெண் இட்டுக்கொள்ள எந்த ஆசிரியரும் இசையார். குத்தகையாளரிடம் ஊதியம் பெறுபவரே குத்தகையாளரின் வேலைக்குச் சான்று கூறுவதும் அதனை ஒத்ததே. கலிபோர்னியாவில் 10-3-1933 அன்று லாங் பீச் நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் பல நொறுங்கின. அது மாலை நேரமாதலால் பிள்ளைகள் உள்ளே இல்லை. உயிர்கள் தப்பியதைக் கண்டு அம்மாநிலத்தார் அமைதியடைந்துவிடவில்லை. ஒரு திங்களுக்குள் ‘பீல்டு சட்டம்’ நிறைவேறியது. பள்ளிக்கான வரைபடத்தை அரசு ஆராய்ந்து ஏற்க வேண்டும். பள்ளி நிருவாகம் அமர்த்தும் ஆய்வாளர் ஒருவர், குத்தகையாளரைச் சாராதவராய், பணி நடைபெறுங்கால் தொடர்ந்து மேற்பார்க்க வேண்டும் என்பவை அதன் உயிர்க் கூறுகள். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ அமைந்திருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஆளைத் தேர்ந்து நம்பியதோடு கடமை முடிவதில்லை. வினை செய்பவனை நாள்தோறும் ஆராய வேண்டும் என்பதே பிந்திய அதிகாரத்தின் நிறைவான கருத்து. கலிபோர்னியச் சட்டம் கூறுவதும் அதுவே.

இதற்கு மறுப்புரைகள் உண்டு. உதவியவரிடம் கணக்குக் கேட்பது நன்றியின்மை என்பது ஒன்று. தஞ்சையில் மன்னனின் பொன்னை நிறுத்தவர் நன்றி கெட்டவர் அல்லர். மேலும் ஆய்வு கொடுத்தவர் மீது நிகழ்வதன்று, கொடுத்த பணம் பொருளாக மாறியதா என்பதன் மீது நிகழ்வது. ஆய்வுக்குச் செலவாகும் என்பது இரண்டாவது. அச்செலவைத் தொடக்கத்திலேயே உதவித் தொகையின் ஒரு பகுதியாகக் கேட்டுப் பெறுவதே முறை. ஆய்வுக்குப் பணம் போதாது என்றால், கட்டடத்திற்கே பணம் போதவில்லை என்பது பொருள். ஆண்டு முடிவதற்குள் செலவிடாவிடில் பணம் திரும்பிவிடும் என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு; ஆயின் அது பள்ளியின் பிழையன்று. 28 நாளில் முதிர்வதை 15 நாளில் முதிரச் செய்ய எந்தக் கணக்காளராலும் ஆகாது என்பதை ஒதுக்கீடு செய்வோர்க்குப் பள்ளி வாரியங்களே ஒருங்கே எடுத்துரைக்க வேண்டும்.

தமிழாசிரியர் பொறியாளர் அல்லர். கம்பியின் வலிமையை அவர் கணிக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவேடு எழுதுவதில் அவரை விஞ்சுவார் இலர். மாணவர் வருகையை நாள் தவறாது குறிக்கும் பள்ளியில் கட்டடத்திற்கும் ஒரு பதிவேடு இருத்தல் அரிதன்று. வரைபடம், சோதனை முடிவு, கையொப்பமிட்ட படிவங்கள், பின்னர்ச் செய்த பழுதுபார்ப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சுவரில் வெடிப்புக் கண்டால் அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடிட்டு, முனையில் நாளைக் குறித்து வைக்கலாம். வெடிப்பு வளர்கிறதா என்பதை அக்கோடு சொல்லும். வளர்ந்தால் வாய்மொழியாக அன்றி எழுத்தில் அறிவித்து, பொறியாளர் வந்து பார்க்கும்வரை அவ்வறையைப் பூட்டிவைப்பதே கடமை.

பெயர்க் கல் முகப்பிலேயே இருக்கட்டும். அதன் அருகில், ஆராய்ந்தவர் பெயரும் ஆராய்ந்த நாளும் சோதனையின் முடிவும் தாங்கிய சிறு பலகை ஒன்றையும் பள்ளிகள் வைக்குமாயின், பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்லும் தாய் அதனைப் படித்துவிட்டு வேலைக்குச் செல்வாள். கொடையின் பயன் அத்தாய்க்குக் கிட்டும் அமைதியிலேயே நிறைவு பெறுகிறது.