சாபத்திற்கு முந்திய மறதி: சாகுந்தலம் பற்றி ஒரு மறுநோக்கு

காளிதாசரின் சாகுந்தல நாடகத்தை 1907இல் மறைமலையடிகள் தமிழில் தந்தார். துஷ்யந்தனின் மறதிக்குத் துருவாசர் சாபமே காரணம் என்று வகுப்பறைகளில் நாம் கற்பித்து வருகிறோம். நாடகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு இவ்விளக்கம் போதாது என்பதே எமது கருத்து.

மகாபாரதத்தின் சகுந்தலை கதையில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசன் அறிந்தே மறுக்கிறான். அப்பழியினின்று அவனைக் காக்கவே காளிதாசர் சாபத்தைப் புகுத்தினார் என்பர். ஆயின் சாபம் நிகழ்வது நான்காம் அங்கத்தில். இரண்டாம் அங்க முடிவிலேயே, விதூஷகனை நகருக்கு அனுப்பும் அரசன், சகுந்தலையைப் பற்றித் தான் சொன்னவை வெறும் வேடிக்கை, மெய்யெனக் கொள்ளற்க என்கிறான். செய்தி அந்தப்புரத்தை எட்டிவிடுமோ என்ற அச்சமே காரணம். காட்டில் அரும்பிய காதலுக்கு நகரில் சாட்சியாகக்கூடியவன் இவ்வாறு வாயடைக்கப்படுகிறான். பேரீச்சம்பழம் தின்று சலித்தவன் புளிக்கு ஆசைப்படுவது போன்றது இது என முன்னரே அவன் கேலி செய்ததை நாம் நகைச்சுவையாகக் கருதிக் கடந்துவிடுகிறோம்.

ஐந்தாம் அங்கத் தொடக்கம் இன்னும் கூர்மையானது. முன்பு ஒருமுறை அன்பு செய்து கைவிட்ட ஹம்ஸபதிகை, அரசன் கேட்குமாறு பாட்டால் இடித்துரைக்கிறாள். அவளை மறக்க எந்தச் சாபமும் தேவைப்படவில்லை. அவளை 'நாகரிக' முறையில் தேற்றி வருமாறு அரசன் விதூஷகனை ஏவுகிறான். வடமொழியில் நகரத்தானுக்குரியது என்னும் பொருளுடைய அச்சொல்லைத் தமிழில் நாம் பண்பாட்டிற்கே பெயராக வழங்குகிறோம்!

அரசவையில் சகுந்தலை நினைவூட்டும் நிகழ்ச்சியும் கருதத்தக்கது. அரசன் கையிலிருந்த நீரைப் பருக மறுத்த மான்கன்று அவள் கையில் பருகியதாம். தன்னினத்தையே எவ்வுயிரும் நம்பும், நீங்கள் இருவரும் காட்டினர் அன்றோ என அன்று அவன் நகைத்தானாம். காதலின் உச்சத்திலும் அவன் தன்னை அக்காட்டுக்கு அயலானாகவே வைத்துக்கொண்டான்.

இதனைக் களவொழுக்கத்தோடு ஒப்பிடுவது ஆசிரியர் வழக்கம். தொல்காப்பியரே களவைக் கந்தருவ மணத்தோடு ஒப்பிடுவதால் அது பிழையன்று. எனினும் களவு கற்பாக மலரும் இடத்தைக் காளிதாசர் நகரில் அமைக்கவில்லை. இருவரும் மீண்டும் கூடுவது ஏமகூட மலையில், மாரீசரின் தவச்சாலையில். இந்திரன் தேரேறித் தலைநகர் செல்லுமாறு முனிவர் விடைதரும் அளவில் நாடகம் நிறைவுறுகிறது. அரண்மனையில் அவள் வாழ்வு எவ்வாறிருந்தது என்பதை ஏழு அங்கங்களில் ஒன்றும் காட்டவில்லை.